மேனகாவின் தோலைப் பற்றி நான்காவது முறை

1

இந்தக் கதையை எழுத எனக்கு விருப்பமில்லை. மேனகா கேட்டதால் எழுதுகிறேன். பொம்மிடி ரயில் நிலையத்துக்கு எதிரே இட்லிக் கடை வைத்திருக்கிறாள். என் காலைச் சாப்பாடு அங்கேதான். சென்ற மாதம் ஒருநாள் தட்டை வைத்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"கதைகிதைன்னு எழுதறீங்களே, எனக்கு வந்திருக்கறத ஜனங்களுக்குப் புரியற மாதிரி எழுதுங்கண்ணா. ஒவ்வொருத்தருக்கா சொல்லி மாளல."

மூன்று முறை எழுதிக் கிழித்தாயிற்று.

2

முதல் தொடக்கம்: "அவள் முழங்கையில் நிலவின் சிதறல்போல ஒரு..." (சீ! வியாதியிலும் நிலவைத் தேடுகிற ஆளை என்ன செய்வது?)

நடந்ததையே சொல்லிவிடுகிறேன். முழங்கையில் வெளிறிய திட்டுகள் வந்தன. வலியில்லை, அரிப்பில்லை. ஒரு டாக்டர் தேமல் என்று களிம்பு கொடுத்தார். அடுத்தவர் வெண்புள்ளி என்றார். மூன்றாமவர், தொழுநோயாக இருக்கலாம் என்று மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கவைத்தார். திட்டுகளோ வயிற்றுக்கும் தொடைக்கும் பரவின. மூன்று பெயர்களில் அந்தக் கடைசிப் பெயர் மட்டும் எப்படியோ கடைத்தெருவுக்குப் போய்ச் சேர்ந்தது. எதிர்வீட்டு ராணியம்மாள் பார்சல் வாங்குவதை நிறுத்தினார். பிறகு ஆட்டோக்காரர்கள். பிறகு...

"ஒரு அண்டா மாவு புளிச்சுப்போயி சாக்கடையில ஊத்துனேன். அன்னிக்குத்தான் அழுதேன்."

3

சேலத்தில் தோல் மருத்துவர் நிர்மலாதேவி, திட்டிலிருந்து துளி தோலை வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார். தோலுக்குள் வந்து கூடியிருக்கும் வெள்ளணுக்கள் எந்தெந்த அடையாளங்களைச் சுமக்கின்றன என்று பார்க்கும் சோதனை. வந்திருப்பது தோலில் வரும் ஒருவகை நிணநீர்ப் புற்று. அதன் வழக்கமான வகையில் சிடி4 என்ற அடையாளம் கொண்ட அணுக்கள் மிகுந்திருக்கும். மேனகாவுக்கு வந்த வெள்ளைத் திட்டு வகையில் பெரும்பாலும் சிடி8.*

* இங்கே அணுக்களைப் படைவீரர்களாக்கி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். வாசித்துக் காட்டியபோது, "சண்டையெல்லாம் எதுக்குங்கண்ணா? ஒட்டுமா ஒட்டாதான்னு போடுங்க" என்றாள். ஒட்டாது.

"கேன்சர்தாம்மா. ஆனா ரொம்ப மெதுவா போற வகை. தோல்மேல வெளிச்சம் பாய்ச்சற லைட் ட்ரீட்மென்ட்டுக்கே நல்லா கேக்கும்" என்றார் டாக்டர்.

"அப்ப அந்த வியாதி இல்லீங்களா?"

"இல்லவே இல்ல."

மேனகா சிரித்துவிட்டாள். பக்கத்தில் அவள் கணவர் திருமால் தேம்பிக்கொண்டிருந்தார்.

[புற்று என்று கேட்டுச் சிரிக்கும் பெண்ணை நீங்கள் நம்பப்போவதில்லை, தெரியும். அவளை அழவைத்தும் எழுதிப் பார்த்தேன். அதுதான் பொய்யாக இருந்தது.]

4

கேன்சர் என்றதும் ஊருக்கே இரக்கம் வந்துவிட்டது. ராணியம்மாள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேனகா தட்டில் இட்லி வைத்து நீட்டினாள்.

"இப்பத்தாம்மா வூட்டுல சாப்புட்டு வந்தேன்."

"ஒட்டாதுங்கக்கா."

"அய்யோ, அதுக்கில்ல கண்ணு..."

மேனகா பாட்டிலை எடுத்து அவர் மடியில் வைத்தாள். "இட்லி தின்னுட்டு அழுவறதுன்னா அழுவுங்க. இல்லன்னா கெளம்புங்க."

5

முடிவு. அவள் இறந்துபோவதாக எழுதினேன். "என்னைய சாகடிச்சிட்டா கடைய யாரு பாக்கறது? நீங்களா?" என்றாள். ஊரே வரிசையில் நின்று இட்லி வாங்குவதாக மாற்றினேன். "அண்ணா, புளுகாதீங்க."

சரி, உள்ளபடியே: வாரத்தில் இரண்டு நாள் சேலம் போய் ஒளி சிகிச்சை எடுக்கிறாள். முழங்கைத் திட்டின் நடுவே பழைய நிறம் பழுப்புப் புள்ளிகளாகத் திரும்பத் தொடங்கியிருக்கிறது. மற்ற நாட்களில் கடை உண்டு. மாவு மட்டும் பாதிதான் ஆட்டுகிறாள். நானும் வெளியூர்க்காரர்கள் சிலரும் சாப்பிடுகிறோம். எனக்கு ஆத்திரமாக வருகிறது. இதற்கு மேல் எப்படித்தான் விளக்குவது?

பொம்மிடியில் உங்கள் ரயில் நின்றால் இறங்குங்கள். முழுக்கை ரவிக்கை போட்டுக்கொள் என்று சொல்லிப் பார்த்தேன்; கேட்கமாட்டேன் என்கிறாள். அந்தக் கையால்தான் தட்டை நீட்டுவாள். நீங்கள் வாங்கினீர்களா என்பதை நான் எழுத முடியாது.