போதகரின் பாதித் தாடி

சட்டைப் பொத்தான் மறுபடியும் நழுவியதும் சலூன்காரர் சட்டையைக் கழற்றிக் கட்டிலில் வீசினார். ஒற்றைக் கையால், அதுவும் இடது கையால், பொத்தான் போடுவது எவ்வளவு பெரிய வேலை என்று இரண்டு கையும் நன்றாக இருப்பவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது? மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஏதோ கேட்க வாயெடுத்தவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பினாள். கேட்டிருந்தால் அதற்கும் ஒரு சண்டை இருந்திருக்கும்.

போன மழைக்காலத்தில் நடந்தது அது. கடையில் ஒரு வாத்தியாருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். கத்தி தாடைக்குக் கீழே இறங்கும் நேரத்தில் வலது கை யாருடையதோபோல மரத்துத் தொங்கிவிட்டது. வாத்தியாருக்கு ஒரு கீறல்கூட இல்லை. சலூன்காரர்தான் நாற்காலியைப் பிடித்தபடியே சரிந்தார். பக்கவாதம் என்றார்கள். கோணிய வாய் நேரானது, கால் மெல்ல மெல்ல வழிக்கு வந்தது. கை மட்டும் அசைவேனா என்றது.

அன்றிலிருந்து கடையை மச்சான் பார்த்துக்கொண்டான். மனைவியின் தம்பி. தங்கமானவன்தான். ஆனால் ரேடியோவை அலறவிடுவான், சீப்பை ஈரத்தோடு வைப்பான், ஒருவருக்கு வெட்டிக்கொண்டே அடுத்தவரிடம் ஊர்க்கதை பேசுவான். சலூன்காரர் காத்திருப்பவர்களுக்கான பெஞ்சில் உட்கார்ந்து, சொந்தக் கடையிலேயே விருந்தாளி மாதிரி, இதையெல்லாம் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார்.

"அந்தப் பக்கம் கிருதா ஏறியிருக்கு."

"பாத்துட்டுதான் இருக்கேன் மாமா."

"பாத்தா போதுமா? வெட்டணும்."

நாற்காலியில் இருப்பவர் கண்ணாடியில் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்ப்பார்.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். சபைக்காரர்களைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. வந்தவர்கள் எல்லாரிடமும் ஒரு வசனம் தயாராக இருந்தது. எதற்கெடுத்தாலும் ஆமென் போடுவதால் ஆமென்காரர் என்றே பெயர் வாங்கியவர் ஒருவர், சலூன்காரரின் செத்த கையைத் தடவிக்கொடுத்துச் சொன்னார்: "கர்த்தர் ஒண்ணை எடுத்தா, அதைவிடப் பெருசா ஒண்ணைக் குடுப்பாரு தம்பி. ஆமென்."

"அப்போ உங்க கையையும் எடுத்துக்கச் சொல்லி ஜெபம் பண்ணுங்களேன். உங்களுக்கும் பெருசா ஏதாவது கிடைக்கட்டும்."

மனைவி அவர் தொடையைக் கிள்ளினாள். நல்ல பக்கத்துத் தொடை, சுருக்கென்று உறைத்தது.

போதகர் ஒருபடி மேலே போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை முன்னால் வரவழைத்து, கையில் எண்ணெய் பூசி, வருஷம் முடிவதற்குள் இந்தக் கை மறுபடி கத்தி பிடிக்கும் என்று சபைக்கே அறிவித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். சலூன்காரரும் நம்பினார், அதுதான் கொடுமை. தினமும் காலையில் கண்விழித்ததும் விரலை மடக்கிப் பார்த்தார். வருஷம் முடிந்தது. விரல் மடங்கவில்லை. இவருக்கு விசுவாசம் பத்தவில்லை போல என்று யாரோ ஒரு அம்மா கிசுகிசுத்தது காதில் விழுந்தது. அதோடு அவர் ஆலயப் பக்கம் தலைவைக்கவில்லை. வீட்டிலும் ஜெபத்தை விட்டுவிட்டார். மனைவி மட்டும் தனியாகப் போய்வந்தாள்.

ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுக்கும் பெண்தான் பலூன் யோசனையைச் சொன்னாள். "தொழில் பழகுறவங்க பலூன்ல நுரை தடவி வழிச்சுப் பழகுவாங்கல்ல? நீங்க இடது கையால அதைச் செய்ங்க." இத்தனை வருஷத் தொழிலுக்குப் பிறகு பலூனா என்று அவருக்கு மானம் போனது. இருந்தும் செய்தார். மனைவி சலவைக்கூடத்தில் வேலை முடிந்து களைத்து வந்து, கன்னம் வலிக்கப் பலூன் ஊதிக்கொடுப்பாள். அவர் மெதுவாக நுரையில் கத்தி வைப்பார். படார். அடுத்தது. படார்.

ஒரு சாயங்காலம் ஒரு பலூன் கடைசிவரை தாக்குப்பிடித்தது. நுரை முழுக்க வந்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு இழுப்பு. படார்.

சலூன்காரர் கத்தியைத் தூக்கிக் கழுவுதொட்டிக்குள் எறிந்தார். முகமெல்லாம் நுரை. அப்படியே கூரையைப் பார்த்துக் கத்தினார்.

"உமக்கு என்னதான் வேணும்? கையை எடுத்தீர், பேசாம இருந்தேன். சபைக்கு முன்னால அசிங்கப்படுத்தினீர், அதுக்கும் பேசாம இருந்தேன். ஒரு பலூன், ஒரே ஒரு பலூன், அதுகூடவா உமக்குப் பொறுக்கல? சொல்லும். வாயைத் திறந்து சொல்லும்."

கூரை பதில் சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் சத்தம் அடங்கியது. அவர் கீழே உட்கார்ந்து அழுதார்.

மனைவி பலூன் துண்டுகளைப் பொறுக்கினாள். "ரொம்ப நாள் ஆச்சுங்க நீங்க ஜெபம் பண்ணி" என்றாள்.

"இதுக்குப் பேரு ஜெபமா?"

"அங்க யாருமே இல்லன்னா இவ்வளவு நேரம் யார்கிட்ட கத்தினீங்க?"

அவர் முகத்து நுரையைத் துடைத்தார். கோபம் அப்படியேதான் இருந்தது. ஆனால் நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று கொஞ்சம் நகர்ந்துகொடுத்ததுபோல இருந்தது. மறுநாளும் கத்தினார், சத்தம் குறைவாக.

அந்த வாரமே போதகர் கடைக்கு வந்தார். தாடி புதர் மாதிரி வளர்ந்திருந்தது. நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். மச்சான் துணியை உதறியதும், "நீங்க இருங்க தம்பி. அண்ணன் பண்ணட்டும்" என்றார்.

பெஞ்சிலிருந்து சலூன்காரர் எழுந்திருக்கவில்லை. "பரிதாபப்பட்டு வந்தீங்களா ஐயா?"

"இல்லண்ணே." போதகர் கண்ணாடியைப் பார்த்தே பேசினார். "வருஷக் கடைசின்னு நாள் குறிச்சது ஆண்டவர் இல்ல, நான். எல்லாரும் கைதட்டினதும் எனக்குத் தலைகால் புரியல. அப்புறம் நீங்க ஆலயத்துக்கு வர்றதை நிறுத்தினப்போ எனக்கு நிம்மதியா இருந்துச்சு. உங்க மூஞ்சியைப் பாக்க வேண்டாம்ல. அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன். தாடியையும் எடுத்த மாதிரி இருக்கும்."

மச்சான் ரேடியோவை அணைத்தான்.

திட்டுவதற்காகச் சலூன்காரர் பல மாதமாகச் சேர்த்துவைத்திருந்த வார்த்தைகள் நிறைய. அதையெல்லாம் விட்டுவிட்டு எழுந்து போய் நுரையைக் குழைத்தார். "வெட்டுப்படும்" என்றார்.

"படட்டும்."

சவரம் செய்ய ஒரு கை கத்தி பிடிக்க வேண்டும், இன்னொரு கை தோலை இழுத்துப் பிடிக்க வேண்டும். பலூனுக்கு அது தேவைப்படவில்லை. அவர் தடுமாறுவதைப் பார்த்துப் போதகர் தன் கன்னத்தைத் தானே இழுத்துப் பிடித்துக்கொண்டார். முதல் இழுப்பு நன்றாக வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவதில் ரத்தம். போதகர் கண்ணை இறுக்கி மூடினாரே தவிர, கன்னத்தை விடவில்லை. சலூன்காரருக்கு வேர்த்து ஊற்றியது. ஒரு பக்கம் முடிப்பதற்குள் தோள் விட்டுப்போனது. மறுபக்கம் கத்தி வைக்கக் கை எழவில்லை.

அவர் நிமிர்ந்தார். இத்தனை நாளாக அவர் வாயிலிருந்து வராத ஒன்று வந்தது.

"மச்சான், என்னால முடியல. மீதியை நீ முடிச்சுடு."

மச்சான் வந்து கத்தியை வாங்கிக்கொண்டான். கிண்டல் இல்லை. பாதித் தாடியோடு உட்கார்ந்திருந்த போதகரைக் கண்ணாடியில் பார்த்ததும் சலூன்காரருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. போதகரும் சிரித்தார், வெட்டு எரிய எரிய.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவியோடு ஆலயத்துக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். போதகர் கன்னத்தில் பிளாஸ்திரியோடு பிரசங்கம் பண்ணினார். சுகத்தைப் பற்றி அன்று ஒன்றும் சொல்லவில்லை. பதில் வராத ஜெபங்களைப் பற்றித் தட்டுத்தடுமாறிப் பேசினார், நடுவில் இரண்டு தடவை பேச்சு நின்றும் போனது. சலூன்காரர் முதல்முறையாக ஒரு பிரசங்கத்தைக் கடைசிவரை கேட்டார்.

அடுத்த சில நாளில் மச்சான் ஒரு பொட்டலத்தை நீட்டினான். உள்ளே கத்தரிக்கோல். இடது கைக்காரர்களுக்கென்றே செய்தது. சாதாரணக் கத்தரி இடது கையில் முடியை மடக்குமே தவிர வெட்டாது.

"எங்கடா பிடிச்ச இதை?"

"தேடினேன் மாமா. ரொம்ப நாளாவே தேடிட்டு இருந்தேன். குடுத்தா கோவிச்சுப்பீங்களோன்னுதான்..."

சலூன்காரருக்கு அவனிடம் கிருதாவைப் பற்றிப் பேசிய பேச்செல்லாம் ஞாபகம் வந்தது.

மூலையில் சாமான் அடுக்கிவைத்திருந்த நாற்காலியைத் துடைத்து ஜன்னலோரம் போட்டார்கள். வாடிக்கையாளர்கள் அந்தப் பக்கம் ஒதுங்கவில்லை, மச்சானுக்காகவே காத்திருந்தார்கள். அவர் முணுமுணுத்தார், எரிந்து விழுந்தார், காலையில் கடை திறக்கும் முன் ஷட்டருக்கு முன்னால் நின்று ஆண்டவரிடம் புகார் பண்ணினார். ஆனாலும் தினமும் அந்த நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார்.

பிறகு ஒருநாள், அவரைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒரு பஸ் டிரைவர் வேகமாக வந்து, காலியாக இருந்ததால் அதில் உட்கார்ந்தார்.

"சீக்கிரம் முடிஞ்சிருமா?"

"முடியாதுங்க" என்றார் சலூன்காரர்.

டிரைவர் கண்ணாடியில் அவரைப் பார்த்தார், தொங்கிய கையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, மெதுவாவே பண்ணுங்க."

ஆண்டவரே, பக்கத்திலேயே நில்லும் என்று மனதுக்குள் சொல்லிவிட்டு, சலூன்காரர் இடது கையில் முதலில் சீப்பை எடுத்தார்.