ராகுவின் அதிகார வரம்பு

அந்த வியாழக்கிழமை நண்பகலில் ராஜப்ரியாவுக்கு இருந்த ஒரே கவலை, விண்ணப்பம் அன்றைக்குள் முடியாமல் போய்விடுமோ என்பது. ஒரு மணி நேரம் கழித்து அவளுக்கு இருந்த ஒரே கவலை, அது முடிந்து தொலைத்துவிடுமோ என்பது.

அவள் தேநீர் ருசி பார்ப்பவள். குன்னூர்க் கடைவீதியில் ஒரு மருந்துக்கடையின் மாடியில், வடக்குப் பார்த்த ஜன்னலோரம் வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்து, தெருவுக்கே கேட்கும்படி உறிஞ்சி, நாக்கில் புரட்டி, துப்பிவிட்டுத் தீர்ப்பு எழுதுவது அவள் தொழில். ஐரோப்பாவின் வடக்கு மூலையில் உள்ள ஒரு சிறிய நாட்டின் தேயிலை நிறுவனம், தான் வாங்கும் சரக்கின் மாதிரிகளை அவளுக்கு அனுப்பி, எதை எதோடு கலக்கலாம் என்று கேட்டுக்கொள்ள விரும்பியது. நிபந்தனை ஒன்றுதான். வெளிநாட்டிலிருந்து சேவை வழங்குபவராக அந்த நாட்டின் இணையத்தளத்தில் அவள் பதிவு செய்திருக்க வேண்டும். அன்று மாலை கடைசிக் கெடு. தவறினால் வேலை வேறொருவருக்குப் போய்விடும்.

வேறொரு நாட்டில் முன்பு ஒருமுறை முயன்றிருந்தாள். அங்கே சான்றிதழை மொழிபெயர்க்க ஒருவரும், மொழிபெயர்ப்பைச் சரிபார்க்க ஒருவரும், சரிபார்த்தவர் உண்மையில் இருக்கிறார் என்று உறுதி சொல்ல ஒருவரும் தேவைப்பட்டார்கள். மூன்றாமவர் அகப்படுவதற்குள் வாடிக்கையாளர் காப்பிக்கு மாறிவிட்டார்.

ராஜப்ரியாவின் சிறு நிறுவனத்துக்கு நிர்வாகப் பங்குதாரர் அவளுடைய மாமனார் நாச்சிமுத்து. விண்ணப்பத்தின் இறுதி ஒப்புதலை அவர் தம்முடைய கைப்பேசியில்தான் தர முடியும். அவர் உதகையில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். விண்ணப்பங்கள் எவ்வளவு காலம் எடுக்கும் என்பதை, அந்தக் காலத்தை நிர்ணயித்த நாற்காலியிலேயே அமர்ந்து கற்றவர். அவரும் ஒரு நிபந்தனை விதித்திருந்தார். தொடக்கமும் முடிவும் நல்ல நேரத்தில் அமைய வேண்டும். வியாழக்கிழமை ராகு காலம் ஒன்றரை முதல் மூன்று வரை. பன்னிரண்டரைக்கு அந்த நாட்டு அலுவலகம் திறக்கும். அப்போது நல்ல நேரம். தொடங்கிய விண்ணப்பத்தை மூன்று மணிக்கு முன்னால் முடித்துக் கொடுக்கும் அலுவலகம் பூமியில் கிடையாது என்று அவர் சொன்னபோது ராஜப்ரியாவுக்கும் அது நியாயமாகவே பட்டது.

அவர் முழு ஆயத்தத்தோடு வந்தார். சான்றொப்பமிட்ட நகல்கள் நான்கு தொகுதி, புகைப்படங்கள், பசைப்புட்டி, முத்திரை மை, நீண்ட நேரம் உட்காருவதற்கு ஒரு தலையணை, சாப்பாட்டு அடுக்கு.

இணையத்தளத்தின் முதல் பக்கம், பெயரைக் கேட்பதற்காக மன்னிப்புக் கோரியது. நடைமுறை அண்மையில் எளிமையாக்கப்பட்டிருப்பதாகவும், தங்களால் தேடி எடுத்துக்கொள்ள முடிந்த எதையும் விண்ணப்பதாரரிடம் கேட்பதில்லை என்றும் அது தெரிவித்தது. பிறகு நிறுவனத்தின் பதிவு எண்ணை வாங்கிக்கொண்டு, மற்றதையெல்லாம் தானே நிரப்பத் தொடங்கியது.

நாச்சிமுத்து நகல்களைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"போட்டோ எத்தனை கேக்குது?"

"கேக்கலீங் மாமா."

"அட்டெஸ்டேசன்?"

"அதும் வேண்டாமாமுங்க."

"அப்பறம் என்னத்த வெச்சு நம்மள நம்பறானுங்க, அம்மிணி?"

அவர் மனம் வெறுத்துச் சாப்பாட்டு அடுக்கைத் திறந்தார். அவர் ரசத்துக்கு வந்தபோது திரையில் வாழ்த்துச் செய்தி வந்தது. எல்லாம் முடிந்தது, ஒப்புதல் ஒன்றே பாக்கி, அதற்கான பொத்தான் பங்குதாரரின் கைப்பேசிக்கு அனுப்பப்பட்டுள்ளது. அரை மணி நேரத்துக்குள் அழுத்தாவிட்டால் விண்ணப்பம் அழிக்கப்படும். அடுத்த விண்ணப்பத்தை மறுநாள் அளிக்கலாம்.

சுவர்க் கடிகாரத்தில் ஒன்றரை தாண்டியிருந்தது. நாச்சிமுத்து கைப்பேசியை ஒரு குழந்தையைத் தூங்கவைப்பது போலச் சட்டைப்பைக்குள் இறக்கிப் பையின் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

கோப்பை கழுவிக்கொண்டிருந்த ஆயம்மாள் திரும்பிப் பார்த்தாள். எஸ்டேட்டில் கொழுந்து பறித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவள். யாருக்கும் பயந்து பழக்கமில்லாதவள்.

"ராகு காலத்துல சோறு மட்டும் திங்கலாங்களா ஐயா?"

"சோறு ஒண்ணரைக்கு முன்னாலயே ஆரம்பிச்சது. இது தொடர் நடவடிக்கை."

விண்ணப்பமும் முன்னாலேயே ஆரம்பித்ததுதானே என்று ராஜப்ரியா பாய்ந்தாள். சோற்றுக்கு இறுதி ஒப்புதல் தேவையில்லை என்று கூறி அவர் அந்த மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தார்.

இனி ஒரே வழி, விண்ணப்பத்தை மூன்று மணி வரை முடியவிடாமல் பார்த்துக்கொள்வது. ராஜப்ரியா முந்தைய பக்கத்துக்குப் போய்த் தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கத்தை மாற்றினாள். அரை மணி நேரம் புதிதாகத் தொடங்கியது. அவள் உள்ளம் துள்ளியது. இலக்கத்தைப் பழையபடி ஆக்கினாள். மறுபடியும் அரை மணி நேரம். மூன்றாவது முறை கை வைத்தபோது, தாங்கள் சிரமப்படுவதாகத் தெரிகிறது என்று இரங்கிய தளம், திருத்தும் வசதியைப் பூட்டிவிட்டு ஓர் அலுவலரைத் திரையில் கொண்டுவந்து நிறுத்தியது.

அவள் பெயர் ஹன்னா. வெளிர்நீலக் கம்பளிச் சட்டையும், கையில் ஆவி பறக்கும் குவளையும், உதவாமல் விடுவதில்லை என்ற முகமும் கொண்டிருந்தாள்.

"ஒரு ஆட்சேபணை எழுதித் திருப்பி அனுப்பச் சொல்லு," என்றார் நாச்சிமுத்து தாழ்ந்த குரலில். "ஒண்ணு போதும். மூணு மணி தாண்டிரும்."

ராஜப்ரியா ஆட்சேபணையைத் தேடி இறங்கினாள். தேநீர் ருசி பார்ப்பது உணவுத் தொழிலா, ஆலோசனைத் தொழிலா என்று வகைப்படுத்த வேண்டாமா? அந்தக் கேள்வியைப் போன வாரமே எடுத்துவிட்டதாக ஹன்னா பெருமையோடு சொன்னாள். காப்பீடு வேண்டாமா? தேநீரை விழுங்குவீர்களா என்று ஹன்னா கேட்டாள். இல்லை, துப்பிவிடுவோம். அப்படியானால் தேவையில்லை. நிறுவனத்தின் முகவரியில் மருந்துக்கடையின் பெயரும் வருகிறதே? அது குழப்பம் தருமானால் எடுத்துவிடுகிறேன் என்று ஹன்னா அதையும் எடுத்துவிட்டாள். கேள்வி கேட்கக் கேட்க விண்ணப்பம் தேய்ந்துகொண்டே வந்தது. முகவரிச் சான்றில் கையெழுத்து கோட்டுக்கு வெளியே போயிருக்கிறது, அதையாவது சொல் என்று நாச்சிமுத்து தம் அனுபவத்தின் சாரத்தையே பிழிந்து கொடுத்தார். கோடு எதற்கு என்று கேட்டாள் ஹன்னா. அவருக்கு அந்தப் பெண்ணை நினைத்துப் பரிதாபமாக இருந்தது.

பத்து நிமிடம்கூட மிஞ்சியிருக்காது. ராஜப்ரியா வேறு வழியின்றி உண்மையைச் சொன்னாள். ஒவ்வொரு நாளும் ஒன்றரை மணி நேரம் ராகு என்றொரு கிரகத்தின் ஆட்சி நடக்கும். அப்போது மாமா எதையும் தொடங்கவோ முடிக்கவோ மாட்டார். ஹன்னா சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டு, இது பொது விடுமுறையா என்று விசாரித்தாள். விடுமுறை என்றால் விண்ணப்பத்தைத் தானே நாளைக்கு ஒத்திவைத்துவிடுவதாகச் சொல்லி, அதற்கான இடத்தில் விரலையும் வைத்துவிட்டாள். ராஜப்ரியா அலறாத குறையாக அவளைத் தடுத்தாள்.

கடைசியாக, ஒப்புதல் வாசகத்தை மாமாவுக்கு முழுமையாக மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும் என்று அனுமதி கேட்டாள். அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. சும்மா இருக்க முடியாததால் கேட்டாள். வாசகத்தையும் எளிமையாக்கியிருந்தார்கள். மொத்தம் மூன்று வரி. முதல் வரி, தகவல்கள் உண்மை என்றது. இரண்டாம் வரியை அவள் அசட்டையாகவே மொழிபெயர்த்தாள்: விண்ணப்பதாரர் உலகில் எங்கிருந்து ஒப்புதல் அளித்தாலும், அது எங்கள் தலைநகரில், எங்கள் நேரப்படி அளிக்கப்பட்டதாகவே கொள்ளப்படும்.

நாச்சிமுத்துவின் கை மேலே உயர்ந்தது. உதகை அலுவலகத்தில் அந்தக் கை உயர்ந்தால் தட்டச்சு இயந்திரங்கள் நின்றுவிடும் என்று சொல்வார்கள்.

"அந்த வரிய இன்னொருக்கா படி."

படித்தாள்.

"எந்தச் சட்டம், எந்தப் பிரிவுன்னு கேளு."

ஹன்னாவின் முகம் மலர்ந்தது. அந்தத் தளம் தொடங்கிய நாள்முதல் யாரும் அவளிடம் பிரிவு எண் கேட்டதில்லை. சட்டம், பிரிவு, உட்பிரிவு மூன்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்தாள். நாச்சிமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். எதிர்முனையில் ஓர் அலுவலகம் இருப்பதை அப்போதுதான் அவர் ஒப்புக்கொண்டது போலிருந்தது.

"அப்படீன்னா நான் அமுக்கறது குன்னூர்ல இல்ல. அங்க. நம்மூரு ராகுவுக்கு அங்க அதிகாரம் கிடையாது, அம்மிணி. அந்த ஊர்ல சூரியன் எப்ப உதிக்குது, எப்ப அடையுதுன்னு கேளு."

ஹன்னா நொடியில் சொன்னாள். கோடைகாலமாதலால் பகல் மிக நீளம். அவர் பென்சிலை எடுத்துத் தாளொன்றில் அந்தப் பகலை எட்டாகப் பிரித்தார். வியாழக்கிழமை ராகுவுக்கு ஆறாவது பங்கு. அது அங்கே பிற்பகலில் வெகுநேரம் கழித்து வந்தது. அங்கே இப்போது இன்னும் காலைப்பொழுதுதான். அவர் பென்சில் மூன்றாவது பங்கில் போய் நின்றது. நின்ற இடத்தை இரண்டு முறை வட்டமிட்டது.

"குளிகை," என்றார். "அங்க இப்பக் குளிகை நடக்குது. குளிகைல ஒண்ணு செஞ்சா அது மறுக்கா மறுக்கா நடக்கும்."

"அமுக்குங்க மாமா," என்றாள் ராஜப்ரியா. இரண்டு நிமிடம்தான் இருந்தது.

அவர் கைப்பேசியை வெளியே எடுத்து, சட்டையில் துடைத்து, கிழக்கு எது என்று ஆயம்மாளிடம் கேட்டுத் திரும்பி நின்று, அழுத்தினார். கையை எடுப்பதற்குள் சான்றிதழ் வந்துவிட்டது. ராஜப்ரியா அதைத் தேயிலை நிறுவனத்துக்கு அனுப்பினாள். மாதிரிகளை நாளையே அனுப்புவதாக அவர்களிடமிருந்தும் பதில் வந்துவிட்டது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கப் பார்த்தாள், அது விக்கலாக மாறி நிற்க மறுத்தது. ஆயம்மாள் ஒரு கோப்பைத் தண்ணீரோடு ஓடிவந்தாள். ராஜப்ரியா வழக்கப்படி அதை உறிஞ்சி, நாக்கில் புரட்டி, துப்பிவிட்டாள்.

ஹன்னாவுக்கு இன்னும் மனம் நிறையவில்லை. அண்டை நாடுகள் சில இதே ஒப்பந்தத்தில் இருக்கின்றன, இங்கே பதிந்தவர் அங்கும் பதிந்துகொள்ள நாட்டுக்கு ஒருமுறை அழுத்தினால் போதும், விரும்பினால் பொத்தான்களை அனுப்பட்டுமா என்று கேட்டாள். நாச்சிமுத்துவிடம் அது சொல்லி முடிக்கப்படுமுன்னே அவர் சட்டைக் கைகளை மடித்துவிட்டிருந்தார். முதல் நாட்டை மரியாதையாக அழுத்தினார். இரண்டாவதை மகிழ்ச்சியோடு அழுத்தினார். அதன்பின் வந்தவற்றின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. சான்றிதழ்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன.

பொத்தான்கள் தீர்ந்தன. அவர் திரையை நோக்கிக் குனிந்தார்.

"இன்னும் நாடு இருக்குதான்னு கேளு, அம்மிணி. குளிகை முடிய நேரம் கெடக்குது."

ஹன்னா குவளையைக் கீழே வைத்தாள். மேலதிகாரியுடன் கலந்தாலோசிக்க வேண்டியிருப்பதால், தயவுசெய்து சற்றுக் காத்திருக்கும்படி கேட்டுக்கொண்டாள்.

நாச்சிமுத்து, காத்திருப்பதற்கென்றே கொண்டுவந்திருந்த தலையணையை இழுத்துப் போட்டு, முகமெல்லாம் சிரிப்பாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.