பதினாலாம் இலக்க வில்லை

ஒரு பித்தளை வில்லைக்காக நாலு பேர் பந்தயம் கட்டினார்கள் என்றால் கண்டி டவுனில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்கள் யாரும் அந்தக் கேட்டில் நின்றவர்கள் இல்லை.

அம்பிட்டிய தாண்டி, நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி மலைச்சரிவில் கிடக்கும் அந்த கோல்ஃப் மைதானத்தில் மொத்தம் முப்பது வில்லைகள்தான் உண்டு. ஒன்றிலிருந்து முப்பது வரை இலக்கம் வெட்டியிருக்கும். கழுத்தில் வில்லை தொங்கினால் அவர் நிரந்தரக் கெடி. ஆட வருகிறவரின் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடக்க அவருக்குத் தினமும் முறை வரும், ஈபிஎஃப் சேமநிதி உண்டு, மழை பெய்தால் ஒதுங்க ஷெட் உண்டு. வில்லை இல்லாதவர் காலை ஆறு மணிக்கே கேட்டில் வந்து நிற்க வேண்டும். கூப்பிட்டால் வேலை. கூப்பிடாவிட்டால் பத்து மணி பஸ்ஸில் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

யசோதா அப்படி இரண்டு வருஷமும் ஏழு மாசமும் நின்றவள். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். வில்லை கிடைத்தால் அம்பிட்டியவில் ஓர் அறை பார்த்துக்கொண்டு போய்விடலாம். இல்லையென்றால் ஆவணியில் மறுபடியும் கொழுந்துக் கூடை. கங்காணியின் முன்னால் கூடையை வைத்துவிட்டு, "இனி இந்தப் பக்கமே வரமாட்டேன்" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்தவள் அவள். 

பதினாலாம் இலக்கக்காரர் கஜேந்திரன் கட்டாருக்குப் போவதால் அவருடைய வில்லை காலியானது. காலியான வில்லையை யாருக்குக் கொடுப்பது என்று கெடி மாஸ்டர் வாய் திறக்க மாட்டார். ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவர்கள் அவரைப் பிய்த்துவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். அதனால் ஷெட்டில் உள்ளவர்களிடமே விட்டுவிடுவார். ஷெட்டில் நெடுநாள் வழக்கம் ஒன்று இருந்தது. அடுத்து வரும் பெரிய டோர்னமென்டில், கேட்டில் நிற்பவர்களில் மூத்த நாலு பேர் ஆளுக்கொரு ஆட்டக்காரரின் பெயரைச் சொல்ல வேண்டும். யாருடைய ஆள் மேலே வருகிறாரோ வில்லை அவருக்கு. இரண்டு ஆட்டக்காரர்கள் சமமாக நின்றால், கேட்டில் அதிக காலம் நின்றவருக்கு. அதற்குப் பிறகு வெற்றியைத் தீர்மானிக்க அவர்கள் பிளே-ஓஃப் ஆடினாலும் ஆடாவிட்டாலும் ஷெட்டுக்கு அது கணக்கில்லை.

யசோதா சண்டிகர்க்காரர் ஒருவரைச் சொன்னாள். நாற்பத்தேழு வயது, வழுக்கை, முழங்காலில் பட்டி. எல்லோரும் கேலி செய்தார்கள். ஆனால் பயிற்சி நாளில் அவர் ஒவ்வொரு கிரீனிலும், குழியைச் சுற்றியுள்ள அந்தப் புல்தரையில், பந்தைப் பார்க்கும் முன் நீர்த்தேக்கத்தைத் திரும்பிப் பார்த்ததை அவள் கவனித்திருந்தாள். அங்கே கண்ணுக்கு எந்தப் பக்கம் சரிவாகத் தெரிந்தாலும் பந்து கடைசியில் தண்ணீர்ப் பக்கம்தான் இழுக்கும். வந்த முதல் நாளே அதைப் பிடித்தவர் சும்மா ஆள் இல்லை.

ரவிகுமார் இருபத்திரண்டு வயதுக் கொரியக்காரர் ஒருவரைச் சொன்னான். ரவி கேட்டில் அவளுக்குப் பக்கத்தில் நிற்பவன். அவளைவிட ஏழு மாசம் பிந்தி வந்தவன். மனைவி பிரேமிளாவுக்கு எட்டாம் மாசம். இந்த முறை வில்லை கிடைக்காவிட்டால் கொழும்பில் கடை வேலைக்குப் போவதாக இருந்தான்.

வெள்ளிக்கிழமையோடு மற்ற இருவரின் ஆட்டக்காரர்களும் வெளியேறி ஊருக்குப் பெட்டி கட்டினார்கள். ஞாயிறு காலை மிஞ்சியது யசோதாவும் ரவியும்தான். சண்டிகர்க்காரரும் கொரியக்காரரும் ஒரே அடி எண்ணிக்கையில் முன்னால் நின்றார்கள்.

அன்றைக்கென்று கொரியக்காரர் தன்னோடு கூட்டி வந்த கெடி, முதல் நாள் டவுனில் கொத்து ரொட்டியை ஒரு பிடி பிடித்துவிட்டு, ஹோட்டல் அறையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டான். வில்லைக்காரர்கள் எல்லோரும் வேறு பைகளில் இருந்தார்கள். ரவிக்கு அதே குழுவோடு எண்ணிக்கைப் பலகை தூக்கும் வேலை. மாஸ்டர் கேட்டுக்கு வந்து யசோதாவைக் கை காட்டினார்.

வேறொரு பையோடு நின்ற கஜேந்திரன் குறுக்கே வந்தார். "இவ எப்படி தூக்குறது? பந்தயத்துல உள்ளவ. நாளைக்கு ஒரு பேச்சு வந்துறக் கூடாது."

"அக்கா தூக்கட்டும்ண்ணே" என்றான் ரவி. "கிரீன் தெரியாத ஆளக் குடுத்தா எனக்குத்தானே நட்டம். அவங்கள எனக்குத் தெரியும்."

அவ்வளவுதான். கஜேந்திரனின் தடையை அவன் ஒரே பேச்சில் தள்ளி வைத்துவிட்டான். யசோதாவுக்குப் பெருமையாக இருந்தது, பயமாகவும் இருந்தது. பை கனத்தது.

பதினேழு குழி வரைக்கும் அவள் மேல் ஒரு குற்றம் சொல்ல முடியாது. கொரியக்காரருக்கும் அவளுக்கும் இடையில் இருபது ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அதிகம். அவர் குந்தியிருந்து விரலை நீட்டுவார். அவர் கேட்டு முடிக்கும் முன் அவள் பக்கத்தைச் சொல்லிவிடுவாள். நாலாம் குழியில் அவர் நம்பாமல் அடித்துத் தவறவிட்டார். அதற்குப் பிறகு அவள் சொன்னபடியே அடித்தார். எட்டிலும் பதினொன்றிலும் பந்து குழிக்குள் விழுந்தபோது யசோதாவுக்கு உண்மையாகவே சந்தோஷம் வந்தது. தன் வில்லை ஒவ்வொரு அடியாகத் தன்னை விட்டுப் போகிறது என்பது பிறகுதான் நினைவுக்கு வரும்.  பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு நடப்பாள்.

பதினெட்டாம் கிரீனுக்கு வந்தபோது சண்டிகர்க்காரர் முன் குழுவில் ஆடி முடித்துவிட்டு, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கதிரையில் உட்கார்ந்திருந்தார். கொரியக்காரரின் பந்து குழியிலிருந்து ஆறு காலடித் தூரத்தில் கிடந்தது. உள்ளே போனால் சண்டிகர்க்காரரைவிட ஓர் அடி குறைவு. கோப்பை அவருக்கு, வில்லை ரவிக்கு. தவறினால் இருவரும் சமம், வில்லை யசோதாவுக்கு. கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஷெட் முழுவதும் வந்து நின்றது. பலகைக் கம்பை இரண்டு கையாலும் பிடித்தபடி ரவி கிரீன் ஓரத்தில் நின்றான்.

இடது பக்கம் மண்மேடு ஒன்று. அதைப் பார்த்தால் யாருக்கும் பந்து வலப்பக்கம் ஓடும் என்றுதான் தோன்றும். தண்ணீரோ இடது பக்கத்தில், மேட்டுக்குப் பின்னால். பந்து இடது பக்கம்தான் போகும். வலப்பக்கம் இரண்டு குழி அகலம் விட்டு அடிக்க வேண்டும். கேட்டில் நிற்கிற எவரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள்.

கொரியக்காரர் குந்தியிருந்து பார்த்துவிட்டு, இடப்பக்கம் விட்டு அடிக்கவா என்று அவளைக் கேட்டார். "லெஃப்ட்?"

யசோதா வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை என்று சொன்னால் அது பொய். சொல் நாக்கு நுனியில்தான் இருந்தது. அவள்தான் அதைப் பிடித்து வைத்திருந்தாள். ஒரு மூச்சு. ஆவணி மாசத்துக் கூடைக் கயிறு நெற்றியில் அழுத்தியது. இரண்டாவது மூச்சு. அவர் தலையை நிமிர்த்தி அவள் முகத்தைப் பார்த்தார். மூன்றாவது மூச்சும் போன பிறகு அவள் சொன்னாள்.

"நோ. ரைட். டூ கப்."

சொன்னது சரி. சத்தியமாகச் சரி. ஆனால் பதினேழு குழியில் வெடுக்கென்று சொன்னவள் பதினெட்டாவதில் யோசித்துச் சொன்னால், கேட்பவன் என்ன நினைப்பான்? இவளுக்கே நிச்சயமில்லை என்றுதான் நினைப்பான். அவர் மறுபடி மண்மேட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு இரண்டுக்கும் நடுவில், நேராகக் குழியைப் பார்த்து அடித்தார்.

பந்து நேராகப் போனது.  குழிக்கு இரண்டு சாண் இருக்கும்போது அது மெதுவாகத் தண்ணீர்ப் பக்கம் திரும்பி, குழியின் இடது விளிம்பை உரசிக்கொண்டு வெளியே போய் நின்றது.

யசோதா குழியிலிருந்து எடுத்து வைத்திருந்த கொடிக் கம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அந்த நொடியில் வந்தது மகிழ்ச்சி. அதை மறைத்துப் பயனில்லை. மகிழ்ச்சிதான் வந்தது, அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

பிளே-ஓஃபில் கொரியக்காரர் தோற்றார். தோற்றுவிட்டு, கூட்டத்துக்கு முன்னாலேயே அவளிடம் வந்து, தொப்பியைக் கழற்றிக் குனிந்தார். "சொரி. யூ ரைட். ஐ நோ லிசன்" என்றார். அவள் செத்துப்போகலாம் போல நின்றாள்.

ஷெட்டில் ஒன்றிரண்டு பேர் முணுமுணுக்கத்தான் செய்தார்கள். ரவி அவர்களை விடவில்லை. "அந்த மனுசரே வாயத் தொறந்து சொல்லிட்டாரு, அக்கா சரியாத்தான் சொன்னாங்கன்னு. பொறகென்ன? என் ஆளு கேக்கல. அது என் தலைவிதி." கஜேந்திரன் தன் கழுத்திலிருந்த வில்லையைக் கழற்றி யசோதாவிடம் கொடுத்தார். கை தட்டினார்கள். ரவியும் தட்டினான்.

ஐந்து மணி பஸ்ஸுக்காக இருவரும் சந்தியில் நின்றார்கள். வெயில் இன்னும் இறங்கவில்லை. ரவி கொழும்புக் கடையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். தங்க இடம் தருகிறார்களாம், மாசம் ஒரு தடவை வரலாமாம், பிள்ளை பிறக்கும்போது மட்டும் எப்படியாவது லீவு கேட்க வேண்டுமாம். குரலில் ஒரு துளி கசப்பு இல்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் எதிர்த்துத் திட்டிவிட்டு வில்லையோடு வீட்டுக்குப் போயிருப்பாள்.

"ரவி, நான் லேட்டாச் சொன்னேன்."

"என்னக்கா?"

"கடசி குழியில. அவரு கேட்டதும் சொல்லல. வேணும்னேதான் நின்னேன். நின்னா அவரு நம்ப மாட்டாருன்னு எனக்குத் தெரியும்."

 ஒரு லொறி கடந்து போய்த் தூசி அடங்கியது.

"இத எதுக்குக்கா ஏங்கிட்ட சொல்றீங்க" என்றான். "சொல்லாம இருந்திருந்தா நான் பாட்டுக்கு கொழும்புக்குப் போயிருப்பேன். இப்ப நான் ஒங்கள மன்னிக்கணும், இல்லாட்டி ஒங்களோட சண்ட போடணும். ரெண்டுக்குமே எனக்குத் தெம்பு இல்ல."

அவள் வில்லையைக் கழற்றி நீட்டினாள். ஒருவேளை வேண்டாம் என்று சொல்லுவான் என்று ஒரு மூலையில் நினைத்தாளோ என்னவோ. அவன் சொல்லவில்லை. வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, வந்த பஸ்ஸில் ஏறினான். அவள் அடுத்த பஸ்ஸுக்கு நின்றாள். மனசில் உள்ளதைச் சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்பார்கள். அவளுக்கு ஒன்றும் இறங்கவில்லை.

திங்கட்கிழமை காலை கேட்டில் எல்லோரும் யசோதாவைச் சூழ்ந்துகொண்டார்கள். ரவி யாரிடமும் எதையும் சொல்லியிருக்கவில்லை. பிள்ளைத்தாச்சிப் பெண்டாட்டியை விட்டுவிட்டுப் போகிறானே என்று இரங்கி, ஜெயித்த வில்லையைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள் என்று ஷெட் தானாகவே முடிவு கட்டியிருந்தது. "ஒனக்குப் பெரிய மனசு தாயி" என்று ஒரு கிழவர் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவளால் கையை இழுக்கவும் முடியவில்லை.

ஏழரைக்கு ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். பைகள் அதிகம், கூட ஓர் ஆள் வேண்டியிருந்தது. அப்படி வரும்போது, முறை உள்ள வில்லைக்காரர் கேட்டிலிருந்து தனக்குப் பிடித்தவரைக் கூட்டிப் போகலாம். மாஸ்டர் உள்ளேயிருந்து, "பதினாலு" என்று கூப்பிட்டார்.

ரவி கேட்டுக்கு வந்தான். பதினாலாம் வில்லை நெஞ்சில் ஆடியது. வரிசையை ஒரு முனையிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தான். யசோதா தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு ஓர் அடி முன்னால் வந்தாள். அவன் அவளைத் தாண்டி, அவளுக்கு அடுத்து நின்றவரின் தோளைத் தொட்டு, "நீங்க வாங்க" என்றான்.