சொட்டாத மூடி

நானும் அண்ணியும் பழச்சாறு விற்கத் தொடங்கிய முதல் வாரமே சிக்கல் வந்தது. எவ்வளவு இறுக்கினாலும் மூடி வழியாகச் சாறு கசிந்தது. மறுநாள் ஒரு பள்ளி விழாவுக்கு ஐந்நூறு பாட்டில் போயாக வேண்டும்.

ஒரு பாட்டிலைத் தூக்கிக்கொண்டு மூடி வாங்கிய கடைக்கே ஓடினோம். கடைக்காரர் மூடியைக் கழற்றி உள்ளே தடவிப் பார்த்தார்.

"அளவு சரிதாம்மா. உள்ள போடுற வாஷரை நான்தான் தர மறந்துட்டேன்."

தலையைச் சொறிந்தபடி ஒரு பை நிறைய வாஷர் கொண்டுவந்தார். ஒன்றைப் பொருத்தி, மூடியைத் திருகி, பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்தார். ஒரு சொட்டுகூட விழவில்லை.

"அப்பாடா!" என்று அண்ணி அங்கிருந்த அட்டைப்பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "உனக்குக் கையில பலமே இல்லைன்னு காலைலேர்ந்து திட்டிட்டு இருந்தேனேடி!"

சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.