மணல் மூட்டையின் இடம்

என் உடம்பைப் பற்றிப் பேசாதவர்கள் கிடையாது. கரோல் பாகில் நாங்கள் குடியிருந்த வீட்டில் நான் மாடிப்படி ஏறினால் மேல்வீட்டு ருக்மிணி, "அமலிக்கா வந்தாச்சு, படியே சொல்லுது" என்று உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள். ஸ்கூட்டர்காரர்கள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் மீட்டரைத் தொடுவார்கள். நானும் லேசுப்பட்டவள் இல்லை, பதிலுக்கு நாலு வார்த்தை கொடுக்காமல் விடமாட்டேன். நர்ஸ் வேலையில் வாய் இல்லாவிட்டால் பிழைக்க முடியாது. அப்பேர்ப்பட்ட இந்த உடம்பைக் கொடுத்ததற்காக நான் மாதாவுக்கு மனசார நன்றி சொன்ன நாள் ஒன்று உண்டு. எழுபத்தெட்டாம் வருஷம் செப்டம்பரில், யமுனை டில்லிக்குள் வந்த சமயம் அது.

ருக்மிணியின் கணவர் பூவராகவன் அரசாங்க ஆராய்ச்சி அலுவலகம் ஒன்றில் இன்ஜினியர். ஸ்ரீமுஷ்ணத்துக்காரர். ஆளும் ஒல்லி, பேச்சும் குறைச்சல். ஆனால் தான் கட்டுகிற வண்டியைப் பற்றி வாய் திறந்தால், எதிரே இருப்பவரின் காப்பி ஆறிப்போகும்வரை விடமாட்டார். அதற்கு அகலமான, குட்டையான றெக்கை. பின்பக்கம் ஒரு பெரிய காற்றாடி. படகு மாதிரி தண்ணீரில் மிதந்து கிளம்பும். வேகம் பிடித்ததும் றெக்கைக்கும் தண்ணீருக்கும் நடுவே காற்று அமுங்கி மெத்தை மாதிரி ஆகிவிடும். அந்த மெத்தை மேலேயே முழங்கால் உயரத்தில் வழுக்கிக்கொண்டு ஓடும். அதற்கு மேல் ஏறினால் மெத்தை போய்விடும், விழ வேண்டியதுதான். ஆகவே அது வானத்துக்கே போகாது.

"பிரம்மபுத்திராவுல மணல் திட்டு மணல் திட்டா ஜனங்க இருக்காங்க சிஸ்டர். அவங்களுக்கு மருந்து கொண்டு போகலாம். சதுப்புல போகலாம், தீவுக்குத் தபால் கொண்டு போகலாம். ரன்வே வேணாம், பாலம் வேணாம், ஆழம் இருக்கான்னு பாக்க வேணாம்" என்பார். என் கணவர் லூர்துராஜ் விமானப்படையில் அசாமில் இருந்தார். லீவில் வரும்போதெல்லாம், "பறக்கத் தெரியாத பிளேனுக்கு சம்பளம் குடுக்குற ஒரே ஆபீஸ் உங்க ஆபீஸ்தான் சார்" என்று அவரைச் சீண்டுவார். எங்கள் தெருத் தமிழர்கள் அதற்குத் 'தவளை' என்று பேர் வைத்திருந்தார்கள். பூவராகவன் கோபித்துக்கொண்டதே இல்லை. அவருடைய மேலதிகாரிகள்கூட, டில்லியில் இவ்வளவு பெரிய தவளைக்குத் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள்.

யமுனைக் கரையில் அதற்கு ஒரு கொட்டகை இருந்தது. சோதனை ஓட்டம் எல்லாம் அவர் ஒருவரேதான். ஆள் ஏற்ற அனுமதி இல்லாததால் வண்டியின் மூக்குப் பகுதியில் ஒரு மணல் மூட்டையைக் கட்டிவைத்திருப்பார். முன்பக்கம் கனம் இல்லாவிட்டால் மூக்கு தூக்கிக்கொண்டு வண்டி மல்லாந்துவிடுமாம். மூட்டையின் மேல் ஹிந்தியில் 'யாத்ரி' என்று பெயின்டால் எழுதியிருக்கும். பயணிக்குப் பதில் அதுதான் பயணி. "எங்க வீட்டுக்காரர் தினமும் ஒரு பயணியோட ஊர் சுத்துறார், எனக்குத்தான் சந்தேகமா இருக்கு" என்று ருக்மிணி சொல்லிச் சிரிப்பாள்.

நான் வேலை பார்த்த மிஷன் டிஸ்பென்சரி வஜீராபாதுக்கு வடக்கே, வெள்ளத் தடுப்புக் கரைக்கும் ஆற்றுக்கும் நடுவில் இருந்த ஒரு கிராமத்தில் இருந்தது. ஒரே ஒரு கட்டடம், மேலே மொட்டை மாடி. வெள்ளம் வருகிறது என்று தண்டோரா போட்டதும் கிராமமே மாடு கன்றோடு கரை ஏறிவிட்டது. நானும் கிளம்பியிருப்பேன். அந்த நேரம் பார்த்து ராம்கலி என்ற பெண்ணை அவள் மாமியார் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தாள். தலைப்பிரசவம். வலி எடுத்துவிட்டது. புருஷன் எருமைகளை ஓட்டிக்கொண்டு முன்னாலேயே போய்விட்டான். எருமைக்குக் கொடுத்த அவசரத்தைப் பெண்டாட்டிக்குக் கொடுத்திருக்கக் கூடாதா என்று எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் தீரவில்லை.

விடிவதற்குள் தண்ணீர் ஜன்னலுக்கு வந்துவிட்டது. நாங்கள் மூவரும் மொட்டை மாடிக்கு ஏறினோம். அங்கேதான் பனிக்குடம் உடைந்தது. முதலில் வந்தது தலை இல்லை. ஒரு சின்னக் கை.

குழந்தை குறுக்கே கிடந்தது. வயிற்றைத் திறந்து எடுத்தாலொழிய அது வராது. நேரம் போகப் போகத் தாயும் மிஞ்சமாட்டாள். என்னிடம் இருந்ததோ ஒரு கத்தரிக்கோலும் கொஞ்சம் பஞ்சும். தெரிந்த ஜெபத்தையெல்லாம் சொன்னேன். நடுநடுவே அந்த எருமைக்காரனையும் திட்டிக்கொண்டேன்.

ஒரு மோட்டார் படகு வரத்தான் வந்தது. ஆனால் எங்களுக்கும் கரைக்கும் நடுவே இருந்ததெல்லாம் காய்கறி வயல். சுரைப் பந்தல், முள்கம்பி வேலி, போதாததற்கு வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த ஆகாயத்தாமரை. பாதி தூரத்திலேயே படகின் விசிறியில் கொடி சுற்றி இன்ஜின் நின்றுவிட்டது. படகுக்காரர்கள் குனிந்து அறுப்பதும் தள்ளுவதுமாகக் கொஞ்ச நேரம் போராடினார்கள். பிறகு எங்களைப் பார்த்துக் கை ஆட்டிவிட்டுக் கழியை ஊன்றித் திரும்பிப் போனார்கள். ராம்கலியின் மாமியார் அப்போதுதான் அழ ஆரம்பித்தாள்.

கரையில் அந்தப் படகுக்காரர்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நின்றவர்களில் ருக்மிணியும் ஒருத்தி. பிள்ளையார் சதுர்த்திக் கொழுக்கட்டையைத் தூக்கிக்கொண்டு என்னைத் தேடி வந்திருந்தாள். நேரே கணவருடைய கொட்டகைக்கு நடந்தாளாம். "ஏங்க, இத்தனை வருஷமா எதுக்குக் கட்டினீங்க இதை? பர்மிஷன் அப்புறம் கேளுங்க. இன்னிக்குப் போகலேன்னா இதை உடைச்சு அடுப்புல வைங்க" என்றாளாம். பூவராகவன் எழுந்தார். கதவைத் திறந்தார்.

முதலில் சத்தம்தான் வந்தது. பிறகு பார்த்தால், படகு சிக்கிக்கொண்ட அதே பந்தலின் மேல், அதே கொடிகளின் மேல், அந்தத் தவளை வழுக்கிக்கொண்டு வருகிறது. தண்ணீரைத் தொடவே இல்லை. அடியில் என்ன கிடந்தாலும் அதற்குக் கவலை இல்லை. நான் அத்தனை வருஷம் கதையாகக் கேட்ட அந்த முழங்கால் உயரத்தைக் கண்ணால் பார்த்தேன்.

கட்டடத்துக்குச் சற்று முன்னால் தண்ணீரில் இறங்கி, மிதந்து வந்து, மாடிப்படியில் முட்டி நின்றது. "ரெண்டு பேர் ஏறலாம் சிஸ்டர், ஜல்தி" என்றார். மாமியார், "நான் இங்கேயே இருக்கிறேன், அவளைக் கொண்டுபோங்கள்" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். பின்சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ராம்கலியை இடதுபுறமாகச் சாய்த்துப் படுக்கவைத்தோம். நான் அவள் பக்கத்தில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

இன்ஜின் அலறியது. வண்டி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடியது. எழும்பவில்லை. திரும்பிவந்து மறுபடி ஓட்டினார். பின்பக்கம் அமிழ்ந்து உள்ளே தண்ணீர் தெறித்தது. பந்தலுக்கு முன்னால் நிறுத்திவிட்டார். முகத்தில் ஈயாடவில்லை.

"கனம் ஜாஸ்தி சிஸ்டர். ஒருத்தர் இறங்கணும்."

இறங்குவதென்றால் நான்தான் இறங்க வேண்டும். நான் இறங்கினால் வழியில் அவளுக்கு என்ன ஆனாலும் பார்க்க ஆள் இல்லை. சுற்றிலும் பார்த்தேன். வண்டியின் மூக்கில், கயிறு போட்டுக் கட்டி, சௌகரியமாக உட்கார்ந்திருந்தது மணல் மூட்டை.

"அதை எடுத்து வீசுங்க சார்."

"அது கூடாது. முன்னாடி கனம் இல்லேன்னா மல்லாந்துடும். அதை எடுக்கவே கூடாதுன்னு நான்தான் ரூல் போட்டிருக்கேன்."

"அதுல என்ன எழுதியிருக்கு?"

"யாத்ரின்னு."

"அப்ப நான் யாரு?"

மனுஷர் என்னைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். இத்தனை வருஷமாக அந்த மூட்டையை ஏற்றி ஏற்றி, அது யாருக்குப் பதிலாக அங்கே இருக்கிறது என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. வாய் ஏதோ கணக்கை முணுமுணுத்தது.

"மூட்டையை விட நீங்க கொஞ்சம்..."

"கொஞ்சம் என்ன? சொல்லுங்க, கோவிச்சுக்கமாட்டேன்."

"கூட."

"நல்லதுக்கா, கெட்டதுக்கா?"

"பின்னாடி அந்தப் பொண்ணு இருக்கா. முன்னாடியும் கூடத்தான் வேணும். நல்லதுக்குத்தான் சிஸ்டர்!"

மூட்டை தண்ணீருக்குள் போனது. அது இருந்த பொந்துக்குள் நான் குப்புறப் படுத்து நுழைந்தேன். தலை முன்னால், கால் அவர் சீட்டைத் தாண்டிப் பின்னால். திரும்பிப் பார்க்க வழியில்லை. "சிஸ்டர்ஜி, என்னை விட்டுட்டுப் போகாதீங்க" என்று ராம்கலி ஹிந்தியில் அழுவது கேட்டது. "என் காலைப் பிடிச்சுக்கோ, விடாதே" என்று கத்தினேன். என் கணுக்காலை அவள் கை பிடித்துக்கொண்டது.

இந்தத் தடவை வண்டி ஓடியது, குலுங்கியது, பிறகு குலுக்கல் பட்டென்று நின்றது. எழும்பிவிட்டோம். மூக்கிலிருந்த சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சுரைப்பூக்கள் என் முகத்துக்குக் கீழே ஓடின. அந்த நேரத்தில்தான் மாதாவுக்கு நன்றி சொன்னேன். ஊரே கேலி செய்த இந்த உடம்புக்கும் ஒரு இடம் வைத்திருந்தாயே தாயே என்று சத்தமாகவே சொன்னேன். இன்ஜின் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.

வலி வரும்போதெல்லாம் அவள் பிடி இறுகும். அதை வைத்துத்தான் பின்னால் உயிர் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஓரிடத்தில் மின்கம்பி ஒன்று அறுந்து தொங்கியது. "ஒதுக்குங்க சார்!" என்றேன். "சட்டுனு திருப்பினா றெக்கை தண்ணியில குத்திக்கும்" என்று பதில் வந்தது. அவ்வளவு அவசரத்திலும் சீமந்தப் பெண்ணை அழைத்துப்போவது போல மெள்ள மெள்ள வளைத்துக்கொண்டு போனார். கரை தெரிந்த நேரத்தில் என் கணுக்காலில் பிடி தளர்ந்தது.

"ராம்கலி!" என்றேன். பதில் இல்லை. கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். காலை ஆட்டி ஆட்டி அவள் கையைத் தட்டினேன். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கால் குணமானால் வெள்ளியில் கால் செய்து மாதாவுக்குக் கொடுப்போம். பிள்ளை பிறந்தால் வெள்ளித் தொட்டில். "இவள் பிழைத்தால் இந்த வண்டியையே வெள்ளியில் செய்து உன் காலடியில் வைக்கிறேன்" என்று நேர்ந்துகொண்டேன். கரையில் வண்டி முட்டுவதற்கும், அந்த விரல்கள் மறுபடி என் காலில் லேசாக அழுந்துவதற்கும் சரியாக இருந்தது.

ருக்மிணி ஒரு டாக்சியைப் பிடித்துக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றாள். சர்தார்ஜி டிரைவர் வழிநெடுக ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் உடனே வயிற்றைத் திறந்தார்கள். பெண் குழந்தை. முதலில் வெளியே வந்த அந்தக் கை வீங்கிக் கறுத்திருந்தது. ஆனால் அழுகை வார்டு முழுக்கக் கேட்டது. தாயும் பிழைத்தாள். பூவராகவன் அதற்குள் மாமியாரையும் கரை சேர்த்துவிட்டிருந்தார்.

அடுத்த கோடைக்குள் அந்த வண்டியை நிறுத்திவிட்டார்கள். வெள்ளம் தினமும் வருமா என்று கேட்டார்களாம். பிரித்து எங்கோ ஒரு கிடங்கில் போட்டுவிட்டு, அவரை மேஜை வேலைக்கு மாற்றினார்கள். எனக்குத்தான் வயிறு எரிந்தது. அவரோ, "பரவாயில்ல சிஸ்டர். ஒரு தடவையாவது அதுக்கு நிஜ வேலை குடுத்தீங்களே. உங்களுக்கு நான்தான் நன்றி சொல்லணும்" என்றார். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

கரோல் பாக் வெள்ளிக்கடைக்காரர் இரண்டு தடவை றெக்கையை நீளமாகச் செய்துவிட்டார். சண்டை போட்டுக் குட்டையாக்கி வாங்கினேன். அந்த வருஷம் செப்டம்பர் எட்டாம் தேதி மாதா திருநாளுக்கு, கோல் மார்க்கெட் பக்கம் தமிழ்ப் பூசை நடக்கும் கோயிலுக்கு எல்லாரையும் கூப்பிட்டிருந்தேன். ருக்மிணியும் பூவராகவனும் வந்தார்கள். ராம்கலி இடுப்பில் குழந்தை, கையில் பெரிய சுரைக்காயுடன் வந்தாள். எருமைக்காரனும் வந்து ஓரமாக நின்றான். நான் முகம் கொடுக்கவில்லை.

சப்பரம் ஜோடித்துக்கொண்டிருந்த கோயில் உபதேசியார் அடைக்கலசாமி என் நேர்ச்சையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பிளேன்தானேம்மா? உச்சியில நூல் கட்டித் தொங்கவிடுறேன், எல்லாருக்கும் தெரியும்."

"வேணாம் அண்ணே. மேல போனா அது விழுந்துடும். கீழ வைங்க."

மாதாவின் காலடியில் வைத்தார். வைத்த உடனே பின்பக்கம் சாய்ந்து மூக்கைத் தூக்கிக்கொண்டது. நிமிர்த்தி வைத்தார். மறுபடி தூக்கிக்கொண்டது. பூவராகவன் முகம் மாறிவிட்டது. "மூக்குல கனம் பத்தல சிஸ்டர்" என்றார்.

ராம்கலிக்குத் தமிழ் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. குழந்தையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு, அதன் காலில் கிடந்த சின்ன வெள்ளிக் கொலுசைக் கழற்றினாள். வண்டியின் மூக்கில் இருந்த குட்டி ஜன்னல் வழியாக அதை உள்ளே போட்டாள். மூக்கு இறங்கி வண்டி நேராக உட்கார்ந்தது. நான் அழுதேன். ருக்மிணி என்னைப் பார்த்து அழுதாள்.

மணி அடித்தது. இளைஞர்கள் சப்பரத்தைத் தோளில் ஏற்றினார்கள். பூவராகவன் செருப்பைக் கழற்றிவிட்டு அதன் பக்கத்திலேயே, வெள்ளி வண்டியை விட்டுக் கண்ணை எடுக்காமல் நடந்தார். திருப்பம் வந்த இடத்தில் எல்லாம், "மெதுவா, சட்டுனு திருப்பாதீங்க, மெதுவா" என்று தூக்குகிறவர்களிடம் சொல்லிக்கொண்டே வந்தார்.