ரோஸ் கலர் வெள்ளம்

ஜாஸ்மியின் படம் ஒன்று விலைபோனால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. இதை நல்ல வார்த்தை போட்டு மூட எனக்கு இஷ்டமில்லை. நாகர்கோவிலில் ஒரே வகுப்பில்தான் இரண்டு பேரும் தூரிகை பிடித்தோம். ஆள், மரம், மாடு எதுவும் வேண்டாம், ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு வண்ணத்தாலேயே அதைச் சொல்லிவிடலாம் என்று அரூப ஓவியத்துக்கு வந்ததும் சேர்ந்துதான். அதற்கப்புறம் மார்த்தாண்டத்தில் படம் கேட்டு அவளைப் பல் டாக்டர் கூப்பிட்டார், துணிக்கடைக்காரர் கூப்பிட்டார். அஞ்சுகிராமத்தில் இருக்கும் என்னை, பிள்ளையின் பிறந்தநாளுக்குச் சுவரில் யானை வரைந்து தர முடியுமா என்று கூப்பிட்டார்கள்.

அவள் படத்தின் முன்னால் ஆட்கள் சும்மா நிற்பார்கள். என் கணவர் சுஜித்தே ஒருமுறை நின்றார். என் படத்துக்குப் போனைப் பார்த்துக்கொண்டே "நல்லாருக்கு" என்று சொல்கிற மனிதர், அவளுடைய நீலப் படத்தின் முன்னால் வாயைத் திறக்காமல் நின்றார். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் நான் அவரோடு சரியாகப் பேசவில்லை. என்ன என்று கேட்டார். தலைவலி என்றேன்.

இப்படி இருக்கும்போதுதான் ஆன்ட்ரூஸ் அண்ணனிடமிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வாட்ஸ்அப் வந்தது. மஸ்கட்டில் சம்பாதித்துவிட்டு வந்து மார்த்தாண்டத்தில் பெரிய சாப்பாட்டுக் கடை திறக்கப் போகிறவர். உள்ளே நுழைந்ததும் எதிரே தெரியும் பெரிய சுவருக்கு அப்ஸ்ட்ராக்டாக ஒரு கேன்வாஸ் வேண்டுமாம். ஆளுக்கொன்று வரைய வேண்டும், பிடித்ததை மாட்டுவார். கடைசி வரியில் 'தீம்: வெள்ளம்' என்று இருந்தது.

அந்தச் சுவர் எனக்கு வேண்டும். வேறு ஊரில் எவ்வளவு பெரிய சுவர் கொடுத்தாலும் இதற்கு ஈடாகாது. ஜாஸ்மியின் ஊரில், அவளுடைய சபைக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து குடும்பத்தோடு பிரியாணி தின்ன வந்து உட்காருகிற இடத்தில், மூலையில் லட்சுமிப்ரியா என்று என் பெயர் எழுதிய படம் தொங்க வேண்டும். அதைப் பார்த்துக்கொண்டே அவளும் பிரியாணி தின்ன வேண்டும்.

வெள்ளத்தைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். குளம் உடைந்த வருடம் அது எங்கள் அடுக்களைக்குள் வந்தது. அரிசி டப்பாவும் மாமியாரின் செருப்பும் பக்கத்தில் பக்கத்தில் மிதந்தன. கேன்வாஸில் வண்ணப் பேஸ்டைக் கெட்டியாக அப்பி, கத்தியால் இழுத்தேன். செம்மண், காவி, நடுவே கறுப்பு. மேலிருந்து கீழே வராது அது, பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு வரும். ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் பச்சை விட்டேன், மூழ்காமல் மிஞ்சிய வாழைக்காக. மறுநாள் அந்தப் பச்சையையும் மூடினேன். முடித்து, கத்தியைத் துடைத்து வைத்துவிட்டுப் பார்த்தேன். இதுவரை நான் வரைந்ததில் இதுதான் படம் என்று தெரிந்தது.

சாயங்காலம் ஜாஸ்மி கூப்பிட்டாள்.

"ஏட்டி லெச்சுமி, எது வரைக்கும் வந்திருக்கு? ஒரு போட்டோ அனுப்பு, பாக்கட்டு."

"இன்னும் தொடங்கவே இல்லட்டி," என்றேன். எதிரே ஈரம் காயாமல் என் படம் நின்றிருந்தது. காட்டினால் இவள் அதில் ஒரு மூலையைத் திருடிவிடுவாள் என்று பயம்.

அவளுக்கு அந்தப் பயம் எல்லாம் இல்லை. கேட்காமலே தன் படத்தை அனுப்பிவைத்தாள். திறந்து பார்த்தேன். ரோஸ் கலர். மேலே இருந்து கீழே வரை வெறும் ரோஸ்.

ரோஸ் கலரில் எந்த ஊரில் வெள்ளம் வருகிறது? எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சபை வாட்ஸ்அப் குழுவில் கல்யாண வாழ்த்துக்கு வரைந்ததை மாற்றி அனுப்பிவிட்டாளோ என்றுகூட நினைத்தேன். விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். வண்ணத்தை நன்றாகக் கரைத்துப் பூசி, காயவிட்டு, அதன்மேல் மறுபடியும் பூசி, அப்படியே எத்தனையோ தடவை. ஒவ்வொரு பூச்சுக்குள்ளும் அடுத்தது தெரிந்தது. அந்தப் பொறுமை எனக்குச் சாகும்வரை வராது. வயிறு கொஞ்சம் எரியத்தான் செய்தது. ஆனால் தீம் தப்பு. தீம் தப்பிய பிறகு அழகு இருந்து என்ன பிரயோஜனம்?

கீழே, 'எப்படி இருக்கு? உள்ளத பறயணும்' என்று கேட்டிருந்தாள். 'சூப்பர்' என்று எழுதி ஒரு இதயமும் போட்டேன். அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாக இறங்கியது.

குறித்த நாளில், தோவாளைச் சந்தையில் பூ மூட்டை இறக்கிவிட்டு வந்த குட்டியானை வண்டி ஒன்றில் கேன்வாஸைப் பெட்ஷீட்டில் சுற்றிக் கட்டி, நானும் டிரைவர் பக்கத்தில் ஏறி மார்த்தாண்டம் போனேன். கடையில் நாற்காலிகளை இன்னும் பிளாஸ்டிக் உறையிலிருந்து பிரிக்கவில்லை. ஜாஸ்மி எனக்கு முன்பே வந்திருந்தாள், அவள் படம் ஏற்கெனவே சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. நேரில் அது இன்னும் நன்றாக இருந்தது. பரவாயில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

"முதல்ல உக்காந்து வெள்ளம் குடியுங்க மக்களே, பின்ன பாக்கலாம்," என்றார் ஆன்ட்ரூஸ் அண்ணன்.

கண்ணாடி டம்ளர் வந்தது. உள்ளே இருந்தது ரோஸ் கலர்.

பதிமுகக் கட்டை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர். இந்தப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகளில் இலை வருவதற்கு முன்னால் அதுதான் வரும். நானே எத்தனையோ தடவை குடித்திருக்கிறேன். இங்கே குடிதண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பெயர் என்பதும் எனக்குத் தெரியாததல்ல. அவர் வாயால் சொல்லியிருந்தால் உடனே பிடித்திருப்பேன். எழுத்தில் பார்த்ததும், செய்தித்தாளில் வருகிற வெள்ளம் என்று எடுத்துக்கொண்டேன்.

"எனக்க அப்பா பஸ் ஸ்டாண்டு பக்கத்துல சாயாக்கடை வச்சிருந்தாரு," என்று அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தார். "சாயா வாங்காதவனுக்கும் சுடுவெள்ளம் சும்மா குடுப்பாரு. அதனாலதான் இந்தத் தீம்."

நான் எழுந்தேன். "அண்ணே, என் படம் சரியா காயல்ல. இன்னொரு நாள் கொண்டு வாரேன்."

"காயாட்டா என்ன, நாம என்ன தொடவா போறோம்?" என்று அவர் பெட்ஷீட்டின் முடிச்சை அவிழ்த்துவிட்டார்.

அண்ணன் படத்துக்குக் கிட்டே வந்து குனிந்து பார்த்தார்.

"இது என்னது மக்கா?"

"வெள்ளம்," என்றேன். எனக்கே கேட்கவில்லை.

அவருக்குப் புரிந்துவிட்டது. "ஐயோ மக்களே! சாப்பிட வாறவன் இதப் பாத்தா வெள்ளம் குடிப்பானா? இலைய எடுத்துக்கிட்டு மச்சுல ஏறிருவான்!"

அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவரும் கெட்ட மனதோடு சொல்லவில்லை. தரை பிளந்து நான் உள்ளே போய்விட்டால் நன்றாக இருக்கும் போல இருந்தது. ஜாஸ்மியைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. என் படத்தின் பக்கத்தில் போய், கத்தி இழுத்த மேட்டில் விரலை மெல்ல ஓட்டினாள். பிறகு இரண்டு அடி பின்னால் வந்து நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள்.

"இத ஏன்ட்டி எனக்குக் காட்டல்ல?" என்றாள். "காட்டியிருந்தா தீம் இது இல்லன்னு அன்னைக்கே பறஞ்சிருப்பேனே."

நான் பெட்ஷீட்டை எடுத்து மடிக்கத் தொடங்கினேன்.

"அண்ணே, சிரிக்காதீங்க. இது மாதிரி ஒண்ணு செய்ய என்னக்கொண்டு ஆவாது." அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "ஏட்டி, எனக்குப் பொறாமையா இருக்கு, கேட்டியா? நிசமாட்டு. வயிறு எரியுது." சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே என் தோளில் கையைப் போட்டாள்.

நான்கு வருடமாக என் தொண்டையில் கிடக்கிற வார்த்தை அது. சமையல்காரர்களும் டிரைவரும் கேட்டு நிற்க, உப்பு இருந்தால் கொஞ்சம் தாருங்கள் என்கிற மாதிரி எடுத்துச் சொல்லிவிட்டாள். சொன்ன மறுநிமிடமே அவள் முகத்தில் அதன் அடையாளம்கூட இல்லை. இன்னொரு டம்ளர் வெள்ளம் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

எனக்கும் உன்மேல் அப்படித்தான் என்று நான் அப்போது சொல்லியிருக்கலாம். அதைவிட நல்ல நேரம் இனி வரப்போவதில்லை. வாய்வரை வந்தது.

"போ அங்கிட்டு," என்று அவள் கையைத் தோளிலிருந்து தட்டிவிட்டேன். அதற்கும் அவள் சிரித்தாள்.

சுவர் அவளுக்குத்தான் போனது. அதில் எனக்குச் சண்டை இல்லை, அது அந்தச் சுவருக்கான படம்தான். ஆணி அடித்து மாட்டும்போது ஒரு பக்கத்தை அவளும் மறுபக்கத்தை நானும் பிடித்துக் கொடுத்தோம். என் படத்தை மறுபடியும் பெட்ஷீட்டில் கட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டு திரும்பினேன். வழியெல்லாம் அந்த ரோஸ் கலரை நான் ஒருமுறைகூட நினைக்கவில்லை. பொறாமையாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஒருத்தியால் அப்படிச் சிரிக்க முடிகிறதே, எனக்கு அதுதான் தாங்கவில்லை.