ஏதாவது ஒண்ணு

கிரேனின் கொக்கியில் ஒரு மரக்கட்டையை மாட்டிவிட்டுக் கைப்பிடியை மெல்லச் சுற்றினார் பொம்மைக் கடைக்காரர். கட்டை ஆடாமல் அசங்காமல் ஏறி உச்சியில் போய் நின்றது.

"பேட்டரி கிடையாதும்மா. குழந்தையோட கைதான் மோட்டார். எல்லாத்தையும் கழட்டிட்டுத் திரும்ப மாட்டலாம். பையனுக்கு என்ன வயசு?"

"பொண்ணு. ஏழு."

"பொண்ணுக்குன்னா அந்த வரிசையில சமையல் செட்டு..."

"இதையே குடுங்க."

கடைக்காரர் மறுபேச்சுப் பேசாமல் கிரேனை டப்பாவில் வைத்தார். அவள் கடையை ஒரு சுற்றுப் பார்த்தாள். விடுமுறை நாளை தொடங்குகிறது, பள்ளி இன்று அரைநாள்தான். பள்ளிச் சீருடையோடு வந்திருந்த பிள்ளைகள் எதைப் பார்த்தாலும் எட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னொண்ணும் வேணும். ஆறு வயசுப் பையன். அஞ்சு நிமிஷம் ஒரு இடத்துல உட்காரமாட்டான். அவன் திரும்பிக்கூடப் பார்க்காத மாதிரி ஏதாவது காட்டுங்க."

கடைக்காரர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பை விழுங்கிவிட்டு அடித்தட்டிலிருந்து தூசி படிந்த ஒரு டப்பாவை இழுத்தார். துண்டு துண்டாகக் கிடப்பதைச் சேர்த்துப் படமாக்கும் விளையாட்டு. நூறு துண்டுகள்.

"இது ரொம்ப நாளா போகாம கிடக்கு. ஒரு ஏரி, மீதி முக்கால்வாசி வெறும் நீல வானம். பெரியவங்களுக்கே கண்ணைக் கட்டிடும். மூலை வேற நசுங்கியிருக்கு. நல்ல டப்பாவா வேற ஒண்ணு..."

"நசுங்கினதே இருக்கட்டும்."

அன்று காலை அவள் மாமனார் சொல்லி அனுப்பியது இது இரண்டுமே இல்லை.

ஊருக்கே அவர் டிரில் மாஸ்டர். பள்ளி மைதானத்தில் முப்பத்தைந்து வருஷம் விசில் ஊதியவர். இப்போது முன்னறைக் கட்டிலில், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு, நாலு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சுக்கு நின்று நின்று பேசினார். இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிப் பத்து நாளாகிறது. அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த நிலையிலும் பிள்ளைகளின் லீவு அவருக்கு மறக்கவில்லை. லீவின் முதல் நாளில் பேரனுக்கு விளையாட்டுச் சாமான் வாங்கித் தருவது அவருடைய வழக்கம். தானே கடைக்குப் போவார். ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து, சக்கரத்தைச் சுழற்றி, ஆணியை ஆட்டிப் பார்த்துத்தான் வாங்குவார்.

"வாண்டுக்கு ரிமோட் காரு," என்றார் அவளிடம். "கதவு திறக்கணும். பின்னால போகும்போது விளக்கு எரியணும். கடையிலேயே ஓட்டிப் பாத்து வாங்கு."

வாண்டு அவர் மகளின் பிள்ளை, அவளுக்கு நாத்தனார் மகன். அவள் தலையாட்டினாள். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டும்விட்டாள்.

"சிட்டுக்கு, மாமா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டாரோ என்று நினைத்தாள்.

"பார்சலுக்கா? ஏதாவது ஒண்ணு."

சிட்டு அவளுடைய மகள். மாஸ்டரின் மகனுக்குப் பிறந்தவள் அல்ல. முதல் கணவன் விட்டுவிட்டுப் போனபோது கைக்குழந்தை. அவள் கூரியர் ஆபீசில் பார்சல் கட்டும் வேலைக்குச் சேர்ந்தாள். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் பழுது பார்க்க வந்தவன்தான் இந்தக் கணவன். அதிகம் பேசாதவன், குழந்தையைத் தூக்கிக்கொண்டு லிஃப்டில் ஏழு மாடியும் ஏற்றி இறக்குவான். கல்யாணம் முடிந்து இந்த வீட்டு வாசலில் வந்து நின்ற அன்று மாஸ்டர் அவளைப் பார்த்தார், இடுப்பிலிருந்த மூன்று வயதுக் குழந்தையைப் பார்த்தார், மகனிடம் கேட்டார்: "பார்சல் கட்டுறவன்னுதானே சொன்ன? கூடவே ஒரு பார்சலும் வந்திருக்கு?"

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வந்திருந்தவர்களும் சிரித்தார்கள். அன்றிலிருந்து குழந்தைக்கு அந்த வீட்டில் அதுதான் பெயர். "பார்சல் சாப்பிட்டாச்சா?" "பார்சல் எங்க காணோம்?" சிட்டு தாத்தா என்று கூப்பிட்டால் அவர் திரும்பமாட்டார். மாஸ்டர் என்றால் திரும்புவார். குழந்தை இரண்டே வாரத்தில் அதைக் கண்டுபிடித்து, தெருப்பிள்ளைகளைப் போலவே மாஸ்டர் என்று கூப்பிடப் பழகிக்கொண்டது.

முதல் வருஷ லீவுக்கு வாண்டுக்கு மூன்று சக்கர சைக்கிள் வந்தது. சைக்கிள் வந்த அட்டைப்பெட்டியைச் சிட்டுவிடம் தள்ளிவிட்டார். "இதுல உட்காரு, பார்சல் கணக்கா இருக்கும்." குழந்தை சந்தோஷமாகப் பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்து கைதட்டியது. அந்தக் கைதட்டலை அவள் மறக்கவே இல்லை. அடுத்த வருஷம் கிரிக்கெட் செட்டு. அதோடு இலவசமாக வந்த பல்துலக்கும் பிரஷ் சிட்டுவுக்கு. அதற்கடுத்த வருஷங்களை அவள் கணவனிடம்கூடச் சொல்லிக் காட்டவில்லை. ஒவ்வொன்றையும் மடிப்புக் கலையாமல் நெஞ்சுக்குள் அடுக்கி வைத்தாள். கடைக்குக் கிளம்பும்போது தான் என்ன செய்யப்போகிறோம் என்று அவளுக்கே தெரியாது. கார் வரிசையைத் தாண்டி நேராகக் கிரேன் முன்னால் போய் நின்றபோதுதான் தெரிந்தது.

பொம்மைக் கடையில் பொட்டலம் கட்டும் மேசை முன்னால் நிற்கும்போது போன் அடித்தது. கணவன்.

"அப்பா போயிட்டாரு," என்றான். "நீ வா."

"வரேன்."

போனை வைத்துவிட்டு நின்றாள். காரை வாங்காமல் போனால் அந்த மனிதர் மூச்சு வாங்கிக்கொண்டே ஒரு கத்தல் கத்துவார், அதையும் கேட்டுக்கொள்ளலாம் என்றுதான் அதுவரை துணிந்திருந்தாள். இப்போது அதுவும் இல்லை. இனி அவர் எதையும் மறுத்துப் பேசப்போவதில்லை. அவர் என்ன சொன்னார் என்பதை இனி அவள்தான் சொல்ல வேண்டும்.

"நான் கட்டிக்கிறேன்," என்று கடைப்பெண்ணின் கையிலிருந்து தாளை வாங்கினாள். ஓரங்களைக் கத்தி மாதிரி மடித்தாள். தினமும் முந்நூறு பொட்டலம் கட்டும் கை. பேனாவை வாங்கி இரண்டு சீட்டு எழுதினாள். 'சிட்டுக்கு, அன்புடன் தாத்தா.' 'வாண்டுக்கு, தாத்தா.' அன்புடன் என்பதை ஒன்றில் மட்டும்தான் எழுதினாள்.

வீட்டில் கூட்டம் சேர்ந்திருந்தது. முன்னறையில் அதே கட்டிலில் அவர் படுத்திருந்தார். குழாயை எடுத்துவிட்டிருந்தார்கள், மூக்கின் இரண்டு பக்கமும் அது அழுத்திய தடம் இருந்தது. நாத்தனார் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அவள் போய்க் கால்மாட்டில் நின்றாள். அழுகை வரவில்லை. அவருடைய மூடிய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாத்தனார் பையைப் பார்த்துவிட்டாள்.

"அப்பா வாங்கச் சொன்னதா?"

"ஆமா அண்ணி."

"சாகற நேரத்துலயும் பிள்ளைங்க நெனப்பு," என்று மூக்கைச் சிந்தினாள் நாத்தனார். "குடுத்துடு. அப்பா முன்னாலயே குடுத்துடு."

அதைத்தான் அவளும் எதிர்பார்த்திருந்தாள். இரண்டு பிள்ளைகளையும் கூப்பிட்டு, சீட்டைச் சத்தமாகப் படித்துப் படித்துக் கொடுத்தாள்.

வாண்டு தாளைக் கிழித்த வேகத்தில் டப்பாவின் மூடியும் கழன்றது. உள்ளே பார்த்தான். "கார் எங்க?" என்றான். "தாத்தா கார்னு சொன்னாரு." உதடு கோணியது. டப்பாவை வீசினான். நூறு துண்டுகளும் தரையில் சிதறி, கட்டிலுக்கு அடியிலும் உட்கார்ந்திருந்தவர்களின் காலடியிலும் நீல நீலமாகக் கிடந்தன.

சிட்டுவின் மடியில் கிரேன் நின்றது. யாரோ, "எவ்வளவு பெருசு பாரேன்," என்றார்கள்.

நாத்தனார் மாறி மாறிப் பார்த்தாள். "அப்பா இதையா சொன்னாரு?"

"இதைத்தான் அண்ணி."

"கடைசி நேரத்துல நெனவு தப்பியிருக்கும்."

"நெனவெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. யாருக்கு எதுன்னு பிரிச்சுப் பிரிச்சுச் சொன்னாரு. சிட்டுக்குத்தான் மொதல்ல சொன்னாரு."

நாத்தனாரின் முகம் சுண்டிப்போனது. தகப்பன் செத்ததற்கு அழுத முகம் அல்ல அது, வேறு. அந்த முகத்தைப் பார்க்க அவள் நாலு வருஷம் காத்திருந்தாள். வெயிலில் அலைந்து வந்தவளுக்குப் பானைத் தண்ணீர் இறங்கியது போல இருந்தது. நாத்தனார் குனிந்து, முட்டிபோட்டு, கட்டிலடியில் கைவிட்டு ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கினாள். உதவிக்கு அவள் குனியவில்லை.

எதிர்வீட்டு டெய்லர்தான் அதைக் கெடுத்தார்.

"மாஸ்டர் மனசைப் பாருங்க," என்றார் பக்கத்திலிருந்தவரிடம். "சொந்தப் பேரனுக்குச் சின்னது, அந்தக் குழந்தைக்குப் பெருசு. வாய்தான் அப்படி. உள்ளுக்குள்ள எவ்வளவு பாசம் வெச்சிருந்திருக்காரு."

"வெளிய காட்டிக்காத ஆளு," என்றார் பக்கத்திலிருந்தவர்.

அந்தப் பேச்சு அறை முழுக்கப் பரவியது. வாசலுக்குப் போனது, புதிதாக வந்தவர்களுக்கு அங்கேயே சொல்லப்பட்டது. உள்ளே வந்தவர்கள் கட்டிலைப் பார்த்த கையோடு கிரேனையும் பார்த்துத் தலையாட்டினார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பின்னாலேயே சிட்டு வந்தாள்.

"அம்மா, தாத்தா என்ன சொன்னாரு?"

அவள் திரும்பினாள். தாத்தா என்கிறாளே.

"கிரேன் வாங்கச் சொன்னாரு."

"இல்ல. எப்படிச் சொன்னாரு? பார்சலுக்கு வாங்குன்னு சொன்னாரா, சிட்டுக்கு வாங்குன்னு சொன்னாரா?"

உண்மையைச் சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது. அந்த மனுஷன் உனக்கு ஒரு மண்ணும் வாங்கவில்லை, சாகும்போதுகூட உன் பெயரைச் சொல்லவில்லை என்று சொன்னால், அறையில் உள்ள அத்தனை பேர் வாயும் மூடும். குழந்தை முகத்தைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண் இமைக்கவில்லை.

"சிட்டுக்குன்னுதான் சொன்னாரு."

"நெஜமாவா?"

"நெஜமா."

குழந்தை, "சிட்டுக்கு," என்று தானும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். பிறகு முன்னறைக்கு ஓடினாள். அதற்குப் பிறகு கேட்ட அழுகை அந்த வீட்டில் அதுவரை கேட்ட அழுகை அல்ல. தாத்தா, தாத்தா என்று கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, தேம்பித் தேம்பி, மூச்சு இழுத்து இழுத்து. வாண்டுவே பயந்து அழுகையை நிறுத்திவிட்டான். நாத்தனார் சிட்டுவை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கணவன் அடுப்படி வாசலில் வந்து நின்றான். கண் சிவந்திருந்தது.

"அப்பா கார்னுதான் சொன்னாரு," என்றான் மெல்ல. "நான் பக்கத்து ரூம்லதான் இருந்தேன்."

"சிட்டுக்கு என்ன சொன்னாருன்னும் கேட்டிருப்பீங்களே."

"கேட்டுச்சு."

"அப்ப போய்ச் சொல்லுங்க. எல்லார் முன்னாலயும் சொல்லுங்க. நான் பொய் சொன்னேன்னு சொல்லுங்க."

அவன் முன்னறைப் பக்கம் பார்த்தான். "அவ எப்படி அழறா பாத்தியா?" என்றான். "எப்படிச் சொல்றது?"

நாலு வருஷமாக அந்த மனிதரிடமிருந்து ஒரு வார்த்தைகூட வாங்க முடியாத குழந்தையை அவளே கொண்டுபோய் அவரிடம் கொடுத்துவிட்டாள். மூடிய வாயோடு படுத்துக்கொண்டு அவர் வாங்கிக்கொண்டுவிட்டார். இதற்குக் காரையே வாங்கி வந்திருக்கலாம். குழந்தை ஒரு ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருப்பாள்.

"நானும் பாக்கறேன்," என்றாள் கடைசியில். "எத்தன நாளைக்கு அழறான்னு பாக்கறேன்." குரல் அவள் நினைத்தபடி வரவில்லை. கணவன் அவள் கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டுப் போனான்.

நாலு மணிக்கு வண்டி வந்தது. தூக்கிக்கொண்டு போய் ஏற்றினார்கள். நாத்தனார் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெரியவர்கள் ஒவ்வொருவராக ஒதுங்கி வழிவிட, சிட்டு மட்டும் யார் கையிலும் சிக்காமல் வெறுங்காலோடு தெருவில் இறங்கினாள். வண்டி மெதுவாகத்தான் போனது. அவளும் அதன் பின்னாலேயே போனாள். தார் ரோடு கொதித்தது. கால் மாற்றி மாற்றி வைத்தாள், ஆனால் நிற்கவில்லை.

அவள் வாசலில் கிடந்த செருப்புகளுக்குள் தேடி மகளுடைய ஜோடியை எடுத்தாள். படி இறங்கினாள். வண்டி தெருமுனையில் திரும்பி மறைந்தது. சிட்டு முனையில் நின்று, வண்டி போன பக்கம் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். அவள் கூப்பிடவில்லை. இரண்டு செருப்பையும் ஒரு கையில் பிடித்துக்கொண்டு, வெயிலில் நின்றுகொண்டிருந்தாள்.